நடுவிலிருந்து வராத பாட்டு

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கணியம்பாடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்குப் பேருந்து ஏறிச் சென்று, எழுபது வயதைத் தாண்டிய கூத்து வாத்தியார் ஒருவர் சொல்லச் சொல்ல, கர்ணனின் முடிவைச் சொல்லும் கர்ண மோட்சக் கூத்தின் பாடத்தை நோட்டில் எழுதிவருகிறேன். அவரிடம் பழைய நோட்டு ஒன்று இருந்தது. அதில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது, மற்றப் பாதியில் மை ஊறி எழுத்து கலைந்துபோயிற்று. ஆகவே பாடம் முழுவதும் இப்போது அவர் வாயில்தான் இருக்கிறது. மூன்றாவது வாரம், போருக்குப் புறப்படும் கர்ணனை அவன் மனைவி பொன்னுருவி மறிக்கும் கட்டத்தில் வரும் பாட்டு ஒன்றை மட்டும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம் என்று எண்ணி, அதைச் சொல்லும்படி கேட்டேன். ஐம்பது ஆண்டுகளாக விடிய விடிய நின்று பாடிய மனிதர், வாயைத் திறந்தார், மூடினார், கையை விரித்தார்.

"நடுவால கேட்டா இன்னா சார் பண்றது? திரை விருத்தத்துலேர்ந்து வரணும்."

கூத்தில் வேடக்காரர் அவைக்கு வருமுன் திரைக்குப் பின்னால் நின்று பாடுவது திரை விருத்தம். அங்கிருந்து தொடங்கினார். தேநீர்க்கடைப் பெஞ்சின் ஓரத்தில் மோதிர விரலால் தாளம் தட்டிக்கொண்டு, கர்ணன் வரவு, கட்டியங்காரனோடு பேசும் பேச்சு, தரு என்னும் பாட்டு, மறுபடி பேச்சு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். கண்ணாடி டம்ளரில் இருந்த தேநீர் ஆடை கட்டி ஆறிப்போயிற்று. ஏறக்குறைய நாற்பது நிமிடங்கள் கழித்து, நான் கேட்ட பாட்டு, யாரும் கூப்பிடாமலே தன் முறை வந்ததென்று எழுந்து வருகிறவரைப் போல, ஓர் எழுத்தும் பிசகாமல் வந்து நின்றது. விரல் ஒரு முறைகூடத் தயங்கவில்லை.

வேலூருக்குத் திரும்பும் பேருந்தில், 2300 ஆண்டுகளுக்கு முன் அரிஸ்டாட்டில் எழுதிய ஒரு சிறு நூல் மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த நூலின் பெயரிலேயே இரண்டு சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன: ம்நேமே, அனம்நேசிஸ். இரண்டுக்கும் அகராதியைப் பார்த்து 'நினைவு' என்று ஒரே சொல்லைப் போட்டுவிடலாம். போட்டால் நூலுக்கு வேலையில்லாமல் போய்விடும். ஏனெனில் முதல் அதிகாரம் ம்நேமேயைப் பற்றியது, இரண்டாவது அனம்நேசிஸைப் பற்றியது, இரண்டும் ஒன்றல்ல என்று காட்டுவதற்காகவே அவர் அதை எழுதினார்.

இந்தச் சொற்கள் என்னிடம் வந்து சேர்ந்த வழியையும் சொல்லிவிட வேண்டும். முப்பத்தோரு ஆண்டுகள் அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். பக்கத்து வீட்டுப் பையன் இறையியல் படிக்கிறான். புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்தில் படிக்கத் தேர்வு உண்டு என்பதால் அவன் சத்தமிட்டு மனப்பாடம் செய்வதைச் சுவருக்கு இப்பால் இருந்து கேட்டுக் கேட்டே எனக்கு ஆசை வந்தது. எழுத்துகளை அவன்தான் சொல்லிக்கொடுத்தான். ஒருநாள், "அங்கிள், இந்த வார்த்தை உங்களுக்குப் பிடிக்கும்" என்று சொல்லி லூக்கா 22ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டினான். அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும் இயேசு, "என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்" என்கிறார். 'நினைவுகூரும்படி' என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது அனம்நேசிஸ். தமிழில் பெயர்த்தவர்கள் வெறும் 'நினைவு' என்று போடாமல், செய்து செய்து மீட்டுக்கொள்கிற செயலாக 'நினைவுகூர்தல்' என்ற வினையை எடுத்ததில் அவர்கள் காது எவ்வளவு நுட்பமானது என்று எனக்குத் தோன்றியது. கல்லறைக்கு அதே நூலில் வழங்கும் சொற்களுள் ஒன்று ம்நேமெயோன், அதாவது நினைவிடம் என்பதையும் அவனே சொன்னான். இறந்தவனுக்குக் கல் நட்டுப் பெயரும் பீடும் எழுதிவைத்த வடாற்காட்டுக்காரனுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. செங்கம் பக்கத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்கவே வேண்டியதில்லை.

ம்நேமே என்பது இருக்கும் நினைவு. ஒருமுறை கண்டதோ கேட்டதோ உள்ளே பதிந்து கிடப்பது. அரிஸ்டாட்டில் அதை முத்திரை மோதிரம் அரக்கில் பதிவதோடு ஒப்பிடுகிறார். மிக இளையவர்களிடமும் ஆவேசத்தில் இருப்பவர்களிடமும் ஓடும் தண்ணீரில் முத்திரை குத்தியதைப்போல எதுவும் நிற்பதில்லை, முதியவர்களிடமோ பழஞ்சுவர்போல் இறுகிப்போனதால் பதிவதே இல்லை என்கிறார். இந்த ஒப்புமையை அவருக்கு முன்பே பிளாட்டோ 'தியேட்டிட்டஸ்' உரையாடலில் கையாண்டிருக்கிறார்: நம் ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு மெழுகுக் கட்டி இருக்கிறது, அது நினைவின் தெய்வமான ம்நெமொசினே தந்த கொடை. கலைகளின் தெய்வங்களான ஒன்பது மூசாக்களுக்கும் இந்த ம்நெமொசினேதான் தாய். பாட்டும் கூத்தும் வரலாறும் நினைவின் வயிற்றில் பிறந்தவை என்று சொன்ன மக்கள் எங்கள் வாத்தியாரைப் பார்த்திருந்தால் உட்கார மணை போட்டிருப்பார்கள்.

அனம்நேசிஸ் வேறு. அது தேடும் நினைவு. 'அன' என்ற முன்னொட்டுக்கு மேலே, திரும்ப என்ற பொருள்கள் உண்டு. கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டு மேலே இழுப்பதைப் போன்ற வேலை. அரிஸ்டாட்டில் இதில்தான் அதிக நேரம் தங்குகிறார், நானும் தங்குகிறேன், ஏனெனில் கணியம்பாடிப் பெஞ்சில் நடந்ததை அவர் அப்படியே எழுதிவைத்திருக்கிறார். உள்ளத்தின் அசைவுகள் ஒன்றையொன்று பின்தொடரும் பழக்கமுடையவை. எனவே தேடுகிறவன் ஒரு தொடக்கத்தைப் பிடிக்க வேண்டும். தேடும் பொருளுக்கு ஒத்ததிலிருந்தோ, அதற்கு எதிரானதிலிருந்தோ, அதற்கு அடுத்திருப்பதிலிருந்தோ புறப்பட வேண்டும். பாலிலிருந்து வெண்மைக்கும், வெண்மையிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து ஈரத்துக்கும் போய், அங்கிருந்து தான் தேடிய இலையுதிர்காலத்தைச் சென்றடைகிற ஒருவனை அவர் எடுத்துக்காட்டாகத் தருகிறார். வாத்தியாரின் திரை விருத்தம் அந்தத் தொடக்கம். நடுவில் கேட்ட என்மீதுதான் பிழை.

விலங்குகளுக்கும் ம்நேமே உண்டு, அனம்நேசிஸ் மனிதருக்கு மட்டுமே என்பது அவர் முடிவு. நாய்க்கு எசமானன் வீடு நினைவிருக்கும். ஆனால் 'போன ஆடியில் நாம் எங்கே இருந்தோம்' என்று அது உட்கார்ந்து படிப்படியாக யோசித்துப் பார்ப்பதில்லை. தேடுதல் என்பது ஒன்றிலிருந்து ஒன்றை அனுமானித்துப் போகிற வேலை, அதற்கு ஆராயும் அறிவு வேண்டும் என்கிறார். இதையொட்டி அவர் சொல்லும் இன்னொன்று எனக்கு ஆறுதலாக இருந்தது: மந்தமானவர்களுக்கு 'இருக்கும் நினைவு' நன்றாக இருக்கும், சுறுசுறுப்பாகக் கற்பவர்களுக்குத் 'தேடும் நினைவு' நன்றாக இருக்கும். பள்ளியில் வாய்பாட்டை ஒப்பித்துவிட்டுக் கணக்கில் கோட்டைவிட்ட என்னை அவர் எந்த வரிசையில் உட்காரவைப்பார் என்பதில் ஐயமில்லை.

தமிழில் இந்த வேறுபாடு இல்லையா என்ற கேள்விக்கு, அன்றாடப் பேச்சையே சாட்சிக்கு அழைக்கலாம். 'நினைவிருக்கிறதா' என்று கேட்டால் அது ம்நேமே. 'நினைவுபடுத்திப் பார்' என்று சொன்னால் அது அனம்நேசிஸ். நமக்கு மூன்றாவது ஒன்றும் உண்டு: 'நினைவு வந்தது'. இதில் வைத்திருக்கிறவனும் இல்லை, தேடுகிறவனும் இல்லை, நினைவே எழுவாயாகி நடந்து வருகிறது. பெயர்ச்சொல்லில் பிரிக்காததைத் தமிழ் துணைவினையில் பிரித்துக்கொள்கிறது. ஆனால் நினைவு என்ற சொல்லின் பரப்பு நம்மிடம் மிகப் பெரியது. 'அப்படித்தான் நினைக்கிறேன்' என்றால் கருதுகிறேன் என்று பொருள். 'நினைவில்லாமல் கிடக்கிறார்' என்றால் உணர்விழந்த நிலை. மருத்துவமனை வராந்தாவில் 'நினைவு திரும்பிவிட்டது' என்று ஒருவர் வந்து சொல்லும்போது, எதை நினைத்தார் என்று யாரும் கேட்பதில்லை. கிரேக்கச் சொல்லின் வேரும் இப்படி எண்ணத்தில்தான் ஊன்றியிருக்கிறது. வடமொழி வழியாக நமக்கு வந்த 'மனம்' அதற்குத் தூரத்து உறவு என்று மொழியியலார் காட்டுகிறார்கள்.

வழக்குச் சொற்களை விட்டுவிட்டு, இந்த வேறுபாட்டை ஒரே அடியில் வெட்டி வைத்த இடம் ஒன்றைத் தேடினால், அது காமத்துப்பாலில் இருக்கிறது.

உள்ளுவன் மன்யான் மறப்பின் மறப்பறியேன்
ஒள்ளமர்க் கண்ணாள் குணம்.

1125ஆம் குறள். மறந்திருந்தால் அல்லவா நினைத்துப் பார்ப்பேன், மறப்பதையே அறியேனே என்கிறான் தலைவன். 'மறப்பின்' என்ற ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிடுகிறது: உள்ளுதல் நடக்க வேண்டுமானால் அதற்குமுன் மறத்தல் நடந்திருக்க வேண்டும். பிளாட்டோ 'ஃபிலேபஸ்' உரையாடலில், புலன்வழிப் பெற்றதைக் காத்து வைத்திருப்பதுதான் ம்நேமே என்றும், இழந்ததை உள்ளம் தானாகவே மறுபடி பெறுவது அனம்நேசிஸ் என்றும் பல வரிகளில் விளக்குவதை, இங்கே ஒரு காதலன் தன் அன்பை நிறுவுவதற்கான வாதமாகப் பயன்படுத்திவிட்டுப் போகிறான். என்னிடம் ம்நேமே இருக்கிறது, ஆதலால் அனம்நேசிஸுக்கு இடமே இல்லை என்பது அவன் வாதம். அந்த 'மன்' என்ற அசையில் இருக்கிற 'ஆனால் அப்படி இல்லையே' என்ற ஒலியைக் கிரேக்கத்தில் எப்படிக் கொண்டுவருவாய் என்று பையனைக் கேட்டேன். அவன் தேர்வு முடியட்டும் என்றான்.

மறதிக்கு வருவோம். கிரேக்கத்தில் அதற்கு லேதே என்று பெயர். அதே வேரிலிருந்து வரும் வினைக்குக் கண்ணில் படாமல் போதல், மறைந்திருத்தல் என்ற பொருளும், வேறொரு வடிவத்தில் மறத்தல் என்ற பொருளும் உண்டு. தமிழில் மறத்தலும் மறைத்தலும் ஒலியில் எவ்வளவு ஒட்டி நிற்கின்றன என்று பாருங்கள். மறந்தது உள்ளே எங்கோ மறைந்திருக்கிறது என்ற எண்ணம் இரண்டு மொழிக்காரர்களுக்கும் நாக்கிலேயே ஊறியிருக்கிறது. உண்மைக்குக் கிரேக்கர் வழங்கிய அலேதேயா என்ற சொல்லையும் 'லேதே இல்லாதது', அதாவது மறைவும் மறதியும் இல்லாதது என்று பிரித்துக் காட்டுவார்கள். மறதியையும் நினைவையும் அவர்கள் தண்ணீராகவும் கண்டார்கள். லெபதேயா என்ற கிரேக்க ஊரில் குறி சொல்லும் தெய்வமான த்ரொஃபோனியஸிடம் குறி கேட்கப் போகிறவர், குகைக்குள் இறங்குமுன் முதலில் லேதேயின் தண்ணீரைக் குடித்து அதுவரை எண்ணியதையெல்லாம் மறந்துவிட்டு, பிறகு ம்நெமொசினேயின் தண்ணீரைக் குடித்து, உள்ளே காண்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பௌசானியஸ் என்ற பழைய கிரேக்கப் பயண எழுத்தாளர் எழுதுகிறார். மணலைத் தவிர ஒன்றும் ஓடாத பாலாற்றங்கரையில் குடியிருந்துகொண்டு இதைப் படிக்கும்போது இரண்டில் எந்தத் தண்ணீர் கிடைத்தாலும் போதும் என்றுதான் இருக்கிறது.

அனம்நேசிஸை மிகத் தூரம் கொண்டுபோனவர் பிளாட்டோ. 'மெனோ' என்ற உரையாடலில், கணிதம் கற்றறியாத ஓர் அடிமைச் சிறுவனைக் கூப்பிட்டு, இரண்டடிப் பக்கமுள்ள சதுரத்தைத் தரையில் வரைந்து, இதைப்போல இரண்டு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று சாக்ரடீஸ் கேட்கிறார். சிறுவன் நான்கு என்கிறான். பரப்பு பதினாறு ஆகிவிடுகிறது, வேண்டியது எட்டு. மூன்று என்கிறான், ஒன்பது ஆகிறது. தெரியவில்லை என்று விழிக்கிறான். மேலும் மேலும் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டே போய், மூலைவிட்டத்தின்மேல் எழுப்பிய சதுரம்தான் விடை என்று அவனே சேர்ந்துவிடுகிறான். நான் எதையும் கற்பிக்கவில்லை, பிறப்பதற்கு முன்பே உயிர் அறிந்திருந்ததை அவன் மீட்டெடுத்தான், கற்றல் என்பதே அனம்நேசிஸ்தான் என்கிறார் சாக்ரடீஸ். கேள்விகளிலேயே பாதி விடையை வைத்துக் கொடுத்துவிட்டார் என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது. குறுக்கு விசாரணையில் சாட்சிக்கு எடுத்துக்கொடுக்கும் வழக்கறிஞரைப்போல. எனினும் இந்தக் கருத்து நமக்குப் புதிதன்று. ஒரு பிள்ளை சொல்லிக்கொடுக்காமலே தாளம் பிடித்தால் 'விட்ட குறை தொட்ட குறை' என்று நம் பாட்டிமார் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

நினைவூட்டுவதே குற்றமாகிப்போன கதை ஒன்றையும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். கி.மு. 494இல் பாரசீகர் மிலேட்டஸ் நகரை வீழ்த்தினார்கள். ஏதென்ஸுக்கு அது உறவு நகரம். ஃப்ரினிகஸ் என்ற நாடகாசிரியர் அந்த வீழ்ச்சியை நாடகமாக்கி மேடையேற்றினார். அரங்கம் முழுவதும் அழுதது. சொந்தத் துன்பத்தை நினைவுபடுத்தினார் என்ற குற்றத்துக்கு அவருக்கு 1000 திராக்மா அபராதம் விதித்து, அந்த நாடகத்தை இனி யாரும் நடிக்கக் கூடாது என்றும் தடை செய்தார்கள். ஹெரோடோட்டஸ் அங்கே பயன்படுத்தும் வினையும் அனம்நேசிஸின் குடும்பத்தைச் சேர்ந்ததே. கூத்தில் அபிமன்னன் சாவில் ஊரே அழுது எழுந்து, அழவைத்தவர் கையில் ரூபாய் நோட்டைத் திணித்துவிட்டுப் போகிற வடாற்காட்டில் இந்த வழக்கு எடுபட்டிருக்காது. கி.மு. 403இல், உள்நாட்டுப் போர் முடிந்தபின், பழைய தீமைகளை மனத்தில் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று ஏதென்ஸ் மக்கள் சத்தியம் செய்ததையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பொதுமன்னிப்புக்குப் பின்னாளில் வழங்கிய அம்நேஸ்தியா என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் நினையாமை.

ஐரோப்பிய மருத்துவர்கள் நோயாளியிடம் நோயின் வரலாற்றைக் கேட்டு எழுதுவதற்கும் அனம்நேசிஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வேலூர் மருத்துவமனை ஊர். புறநோயாளி வரிசையில் உறவினருக்குத் துணையாக உட்கார்ந்தவர்களுக்கு இது கண்முன்னே நடப்பது. வலி எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு யாரும் தேதி சொல்வதில்லை. "சின்னவ கல்யாணத்துக்கு முந்தின தை மாசம்" என்று தொடங்கி, "அப்ப நெல்லு அறுத்துக் களத்துல கெடந்துச்சு, தூக்கினேன், பிடிச்சிக்கிச்சு" என்று முடிப்பார்கள். கல்யாணம், தை, நெல், களம், வலி: அரிஸ்டாட்டிலின் பால் முதல் இலையுதிர்காலம் வரையிலான அதே சங்கிலி.

இன்னொரு சொல் எஞ்சியிருக்கிறது, அதுதான் என்னுடைய சொல். ஹுபோம்நேசிஸ், அதாவது நினைவூட்டல். நினைவுக்காக எழுதிவைக்கும் குறிப்புக்கு ஹுபோம்நேமா. பணிக்காலம் முழுவதும் நான் செய்த வேலைக்குக் கிரேக்கத்தில் பெயர் இருக்கிறதென்று தெரிந்த அன்று சற்று நெஞ்சு நிமிர்ந்தது. நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு, நினைவூட்டு மூன்று என்று எண்ணிட்டு அனுப்பிய கடிதங்கள் எத்தனை! 1989இல் வடாற்காடு மாவட்டம் பிரிந்த பிறகு ஒரு கோப்பு இந்தப் பக்கம் சேருமா அந்தப் பக்கம் சேருமா என்று கேட்டே பல நினைவூட்டுகள் போயின. 2019இல் வேலூரை மூன்றாகப் பிரித்தபோது நான் ஓய்வு பெற்றுவிட்டேன், அந்தச் சுகம் அடுத்தவர்களுக்குக் கிடைத்திருக்கும். நினைவூட்டு மூன்றைப் பெற்ற அலுவலர் எதையாவது நினைவுகூர்ந்தார் என்று என் அனுபவத்தில் இல்லை. மூன்றையும் வரிசையாகக் கோப்பில் சேர்த்துக் கட்டி வைத்திருப்பார்.

பிளாட்டோவின் 'ஃபீட்ரஸ்' இதைத்தான் பேசுகிறது. எழுத்தைக் கண்டுபிடித்த தேவ்த் என்ற எகிப்தியத் தெய்வம் தாமுஸ் என்ற அரசனிடம் வந்து, நினைவுக்கும் அறிவுக்கும் ஒரு ஃபார்மகோன் கொண்டுவந்திருக்கிறேன் என்கிறது. அரசன் மறுக்கிறான்: நீ கண்டுபிடித்தது ம்நேமேக்கு அன்று, ஹுபோம்நேசிஸுக்கு, மக்கள் வெளியே இருக்கும் எழுத்தை நம்பி, உள்ளே இருப்பதைப் பழக்காமல் விட்டு, மறதியில் விழுவார்கள். ஃபார்மகோன் என்ற சொல்லுக்கு மருந்து, நஞ்சு என்று இரண்டு பொருளும் உண்டு என்பதை வைத்து அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நம் பக்கத்து விவசாயியிடம் ஒரே நிமிடத்தில் இதை விளக்கிவிடலாம்: காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, பூச்சிக்கு அடிப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து, 'மருந்தைக் குடித்துவிட்டான்' என்று ஒருவன் ஓடிவந்து சொன்னால் எந்த மருந்து என்று யாரும் கேட்காமல் வண்டியைத்தான் தேடுவார்கள்.

என் நோட்டும் அந்த மருந்துதான் என்று வாத்தியாரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்தேன். தாமுஸ் அரசன் சொன்னது சரி என்றார். பிறகு, நோட்டு இருந்த காலத்தில் இளம் ஆட்டக்காரர்கள் அதைப் பார்த்துப் படித்துவிட்டு அவையில் ஏறி நடுவில் நின்றுவிடுவார்கள் என்றும், கேட்டுப் படித்தவர்கள் நின்றதில்லை என்றும் சொன்னார். ஆனாலும் எழுதச் சொல்கிறார். கேட்டுப் படிக்க இப்போது யாரும் வருவதில்லை.

நான் எழுதியதைப் படித்துக் காட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். சென்ற வாரம் ஓர் இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தி, "எழுத்து சரியாத்தான் கீது சார், அடி தப்பு" என்றார். எழுத்தில் இல்லாத அந்த நீட்டத்தை எப்படிக் குறிப்பது என்று எனக்குத் தெரியாததால், சொல்லுக்கு மேல் ஒரு கோடு போட்டு வைத்தேன். அந்தக் கோடு என்ன என்று கேட்டார், சொன்னேன், சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த அடி விடவில்லை. பாட்டையோ பெயரையோ அளவுக்கு மீறிச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திய பிறகும் விரும்பாமலே அதைப் பாடிக்கொண்டிருப்பார்கள் என்றும், எறிந்த கல்லை நிறுத்த முடியாததைப் போன்றது அது என்றும் அரிஸ்டாட்டில் எழுதியிருப்பதைத் தேடி எடுத்துப் படித்தேன். படிக்கும்போதும் விரல் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது.

இதுவரை பதினான்கு பக்கம் ஆகியிருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமையும் அவர் திரை விருத்தத்திலிருந்துதான் தொடங்குவார். ஏற்கெனவே எழுதிய பதினான்கு பக்கத்தையும் கேட்டு முடித்த பிறகே பதினைந்தாம் பக்கத்துக்கு வர முடியும் என்பதால், ஆறு மணிப் பேருந்தை விட்டுவிட்டுக் கடைசிப் பேருந்தில் வருவதாக வீட்டில் சொல்லிவிட்டேன்.